பிழையாய்ப் போனேன்

வூப்பர்டால். இரண்டாம் மாடி, ஏழாம் அறை.
யன்னலுக்கு வெளியே ஆற்றின் மேல்
தொங்கிக்கொண்டே போகும் ரயில்.
உள்ளே, கோட்டைக் கழற்றாத பதினாறு பேர்.

ஃபிராவ் லிண்ட்னருக்கு என் வயதில் பாதி.
நாங்கள் வாயைத் திறந்தால் போதும்,
சூப்பர் என்பார்.
நல்லவேளை, நமக்கும் தெரிந்த சொல்.

என் பெயர் தவச்செல்வி என்றேன். சூப்பர்.
இன்று செவ்வாய் என்றேன். சூப்பர்.
அலெப்போவில் எட்டு வருடம்
பல் வைத்தியராயிருந்த கினான்
ஆப்பிள் சிவப்பு என்றார்.
சூப்பர், கினான், சூப்பர்!
அவர் அந்தப் படத்து ஆப்பிளையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்லக் கூடாது,
எனக்குப் பிடித்திருந்தது.
ஆஸ்பத்திரியில் கட்டில் விரிப்பு மாற்றுகிறவள் நான்.
விரிப்பில் சுருக்கம் விழுந்தால்தான்
அங்கே என் பெயர் ஞாபகம் வரும்.
நாற்பத்து மூன்று வயதில்
ஒரு சொல்லுக்கு இப்படி ஏங்குவேன் என்று
யாருக்குத் தெரியும்?

ஆகவே சேர்க்கத் தொடங்கினேன்.
தவறவே தவறாத வசனங்கள், மொத்தம் ஆறு.
காசை எண்ணுவதுபோல்
வகுப்புக்கு வரும் வழியில் எண்ணிக்கொள்வேன்.
ஒருநாள் மேசையெல்லாம் வெயில்.
என் முறை வந்தது.
மழை பெய்கிறது என்றேன்.
இலக்கணம் சரி.
சூப்பர்.

ரஹ்வா மட்டும் புதிது புதிதாய்க் கேட்டுப் பார்த்தாள்,
தட்டுத் தடுமாறி.
அவளுக்குக் கிடைத்தது 'கிட்டத்தட்ட சூப்பர்'.
நான்காவது கிட்டத்தட்டவுக்குப் பிறகு
பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

மார்ச்சில் ஃபிராவ் லிண்ட்னருக்குக் காய்ச்சல்.
பதிலுக்கு வந்தவர் ஹெர் டூடெக்,
சட்டையில் கோப்பிக் கறை.
நேற்று என்ன செய்தீர்கள் என்றார்.
என் ஆறு வசனங்களில் நேற்று இல்லை.

இஹ் பின் கெகேட், என்றேன்.
போனேன் என்று சொல்ல நினைத்தது.
கினான் கண்ணை மூடிக்கொண்டார்.

டூடெக் பாராட்டவில்லை. திருத்தவுமில்லை.
இந்தக் கெகேட் எங்கிருந்து வந்தது? என்று கேட்டார்,
வழியில் கண்டெடுத்த சாவியைப் பற்றிக் கேட்பதுபோல.

கையாலும் காலாலும் சொன்னேன்:
மாஹென் கெமாஹ்ட் ஆகிறது,
ஸாகன் கெஸாக்ட் ஆகிறது,
அப்படியென்றால் கேஹென் மட்டும்?

மேசை விளிம்பில் உட்கார்ந்தார்.
விதி உங்களுக்குத் தெரிந்திருக்கிறது,
அந்தச் சொல்லுக்குத்தான் தெரியவில்லை, என்றார்.
கெகாங்கன் என்று பலகையில் எழுதினார்.
பக்கத்தில் என் கெகேட்டையும் எழுதினார்,
அழிக்கவில்லை.

விதியை மதிக்காத சொற்கள் வேறெவை?
கேட்டது பின்வரிசை.
இது வருமா, அது வருமா என்று
ஆளுக்கொன்றாய் எறிந்தோம்.
கினான் கோட்டைக் கழற்றினார்.
மணி அடித்தபோது பலகையில்
பதினொரு பிழைகள்.
யாரும் சூப்பர் சொல்லவில்லை என்பது
ரயிலில் பாதி வழி வந்தபிறகுதான் உறைத்தது.

வீட்டில் நிதுர்சன்.
எட்டு வயது, தமிழில் ஒரே வசனம்:
சாப்பிட்டிட்டன்.
அதற்கு நான் கெட்டிக்காரன் என்பேன்.
பசியோடு இருந்தபோதும் ஒருமுறை
சாப்பிட்டிட்டன் என்றிருக்கிறான்.
அன்றைக்கு நான் வெயிலில் பெய்த மழையை
நினைக்கவில்லை.

இன்று, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே,
அம்மா, நான் கீழ நிற்கினேன், என்றான்.

சிரிப்புத் தொண்டைவரை வந்தது.
விழுங்கிவிட்டுக் கேட்டேன்:
நிற்கினேன் எங்க இருந்து வந்தது?

சோதனையா என்று என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு ஜெர்மனில்,
பாடினேன் என்கிறீர்கள், ஆடினேன் என்கிறீர்கள்,
நில் மட்டும் என்ன பாவம் செய்தது?

யோசித்தேன்.
நின்றேன்.
ஏன் நின்றேன்?
எனக்கும் தெரியேல்லை, என்றேன்.

அவன் அதைப் பரிசு வாங்குவதுபோல வாங்கிக்கொண்டான்.
வேற எது அப்பிடி? என்றான், தமிழில்.

பருப்பு அடிப்பிடிக்கும் வரை
குசினியில்
நானும் அவனும்
நிற்கினோம்.